திருடனின் கோட்டு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன் செய்து செய்து அலுத்துவிட்டது. நீ எடுப்பதாக இல்லை. காகிதமாக வந்தால் கிழிப்பதற்கு முன் கண் ஒரு வரியிலாவது விழாதா என்ற நப்பாசையில்தான் எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் ஸ்டண்ட் மாஸ்டர் வேலையை விட்டுப் போனாலும் உள்ளுக்குள் தெரிந்துகொள்ளத் துடிப்பாய், எனக்குத் தெரியாதா? முக்கால்வாசி முடிந்துவிட்டது. திருடன் தன் அண்ணனைக் கொன்ற மூன்று பேரில் இரண்டு பேரின் பெட்டகத்தை உடைத்துப் பழி தீர்த்துவிட்டான். ஒருவன்தான் பாக்கி. ஹிந்தி வசனம் எனக்கு இன்னும் பாதிக்குப் பாதிதான் புரிகிறது. 'பத்லா' என்ற வார்த்தை மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறார்கள். பழி பழி என்று முழங்குகிற அந்த ஹீரோ, போன வாரம் மேக்கப் வேனில் ஒரு பல்லியைப் பார்த்துவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்றார். நாங்கள் தையல் அறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

கறுப்புக் கோட்டு ஒன்பது தைத்து மாட்டியிருக்கிறேன். ஹீரோவுக்கு ஐந்து, டூப்புக்கு நான்கு. டூப் கோட்டின் இரண்டு பக்கமும் கயிறு வெளியே வர வெட்டு விட்டிருக்கிறேன், நீ சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டிய அதே இடத்தில், இடுப்பெலும்புக்கு இரண்டு விரல் மேலே. "ஒரு விரல் தப்பினாலும் கயிறு துணியில மாட்டி ஆளையே திருப்பிப் போட்டுடும்"னு நீ சொன்னது காதிலேயே இருக்கிறது.

அந்த டூப் கோட்டைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் குதிக்க வேண்டிய நாள் இன்னும் பன்னிரண்டு நாளில் வருகிறது. எட்டாவது மாடியிலிருந்து, தெருவைத் தாண்டி, எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிக்குள். நீ போன பிறகு வந்த மாஸ்டர் நல்லவர்தான், மரியாதையாகப் பேசுகிறார். ஆனால் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறார். கயிறு சுற்றுகிற மோட்டார் அதேதான். நீ சோதனைக்கு மூன்றாவது மணல் மூட்டையை இறக்கும்போது பிரேக் வழுக்கி ஒரு கை நீளம் கூடுதலாக இறங்கியதே, அதே மோட்டார். அதை மாற்றச் சொல்லி நீ கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த கடிதம் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ. புது மாஸ்டர் ஒரு மூட்டையை ஒரு தடவை இறக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. போதும் என்றுவிட்டார்கள்.

இனி எழுதப்போவது அவருக்குத் தெரியாது, அண்ணா. மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்ததை மீறி எழுதுகிறேன்.

பெட்டகம் வெடிக்கிற காட்சியில் எண்ணி முடிப்பதற்கு முன்பே வெடித்துவிட்டது. அன்றிலிருந்து அவருடைய இடது காதில் குக்கர் விசில் மாதிரி ஓயாத சத்தம். அதுகூடப் பரவாயில்லை, நிதானம் போய்விட்டது. முகம் கழுவக் கண்ணை மூடினால் குழாயைப் பிடித்துக்கொள்கிறார். வீட்டுக்குள் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிறார். மகள் அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவர் பின்னாலேயே சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறாள். இரண்டு பேரும் கூடத்தைச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு நான் காய் நறுக்குகிறேன்.

டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறார். "காது போச்சுன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும், அதோட என் கதை முடிஞ்சுது. இருபது வருஷமா எவன் முதுகுக்கோ உழைச்சேன். இந்த ஒரு குதி குதிச்சா என் பேரு வெளியில வரும்"னு சொல்கிறார்.

உன்னைப் பார்த்து, உங்களுக்கு வயசாயிடுச்சு, பயம் வந்துடுச்சு என்று அன்றைக்கு அவர் சொல்லியிருக்கவே கூடாது. அத்தனை பேர் முன்னால் சொன்னது இன்னும் தப்பு. ஆனால் உன் குரலுக்கு மட்டும்தான் அவர் அடங்குவார். ஒரே ஒரு போன் பண்ணு. குதிக்காதே என்று ஒரு வார்த்தை சொல். திட்டியாவது சொல்.

அண்ணியை நான் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தங்கை

-----

அண்ணா,

கூரியர்காரரிடம் விசாரித்தேன். நீயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாய் என்றார். அப்படியானால் படித்திருக்கிறாய். படித்தும் ஒரு வாரமாகப் பேசாமல் இருக்கிறாய்.

நேற்று ஒத்திகையில் மாடி விளிம்பில் நின்றவர் இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். செருப்பு வழுக்கியது என்று சொல்லிச் சமாளித்தாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறார்.

உனக்கு அவர்மேல்தானே கோபம்? நான் என்ன செய்தேன்? என் மகள் என்ன செய்தாள்? இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் தங்கை

-----

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை எழுதி எழுதி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். நீயும் நடுவில் நிறுத்தாமல் படித்துவிடு.

குதிக்க வேண்டிய அன்று காலையில் அவர் கட்டிலில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டினார். மூன்று தடவை முடிச்சு விழவில்லை. குனிந்தால் தலை சுற்றுகிறது, அதை ஒத்துக்கொள்ள மனசில்லை. "கை தூங்குது, நீ கட்டிவிடு"ன்னு காலை நீட்டினார். நான் கட்டிவிட்டேன். கட்டி முடித்ததும் அவரை முந்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

தையல் அறைக்கு இன்னும் யாரும் வரவில்லை. நான்கு கோட்டும் கம்பியில் வரிசையாகத் தொங்கின, முந்தின நாள் அயர்ன் பண்ணிய சூடுகூட ஆறாத மாதிரி. பெரிய கத்தரிக்கோலை எடுத்தேன். காலரிலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாக வெட்டினேன். முதல் கோட்டில் கத்தரி கோணலாகப் போனது. நான்காவதில் நேராகப் போனது. டூப் கோட்டு இல்லாமல் குதிக்க முடியாது, ஹீரோ கோட்டுக்குள் பெல்ட் அடங்காது. புதிதாகத் தைக்க ஒரு வாரமாவது ஆகும், அதற்குள் நீ வந்துவிடுவாய். என் கணக்கு அவ்வளவுதான்.

உடைப் பிரிவு மேடம் வந்து பார்த்துவிட்டு, எவனோ வெளியாள் புகுந்துவிட்டான் என்று கத்தினார். எனக்கு வேலை போட்டுக் கொடுத்த புண்ணியவதி அவர். அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. நான்தான் என்றேன். டைரக்டர் வந்தார், மாஸ்டர் வந்தார், யூனிட்டே கூடிவிட்டது. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றவர் எல்லோருக்கும் பின்னால் நின்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவருக்குக் காது போய்விட்டது, நிற்க நிதானம் இல்லை என்று அத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்தேன். யூனிட் டாக்டர் அவரைக் கண்ணை மூடி ஒரு காலில் நிற்கச் சொன்னார். இரண்டு எண்ணுவதற்குள் விழுந்துவிட்டார்.

எங்கள் இரண்டு பேரையும் அப்போதே வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு அவர், "கோட்டை மட்டுமா வெட்டின?"ன்னு கேட்டார். அவ்வளவுதான்.

ஆனாலும் எனக்கு உள்ளூர நிம்மதி, அண்ணா. அன்று மத்தியானம் பல நாளுக்குப் பிறகு சாதம் தொண்டையில் இறங்கியது. அந்தச் சாதத்தை நினைத்தால் இப்போது குமட்டுகிறது.

அவர்கள் ஒரு வாரம் காத்திருக்கவில்லை. வெளியில் ஏதோ கடையில் கொடுத்து மறுநாளைக்குள் இரண்டு கோட்டு தைத்து வாங்கிவிட்டார்கள். அதைப் போட்டுக்கொள்ளப் பூனையைக் கூப்பிட்டார்கள். நம் பூனைதான். சத்தமே இல்லாமல் தரையிறங்குகிறான் என்று நீ பெயர் வைத்த, உன்னிடம் குதிக்கப் பழகிய அதே பிள்ளை. அன்று சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினான். "அக்கா, வீட்டுல அண்ணனைக் கவலைப்படாம இருக்கச் சொல்லுங்க. நான் குதிச்சாலும் அது அவரோட குதிதான். அவர் பேரைக் காப்பாத்திடுவேன்"ன்னு சொன்னான். மோட்டார் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. உன் மூட்டை, உன் கணக்கு எல்லாம் வந்தது. சொன்னால் அவன் மறுத்துவிடுவான், பழியெல்லாம் மறுபடி என் தலையில் விழும் என்று பயந்து, பத்திரமாகக் குதி தம்பி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம்கூட.

அடுத்த நாள் பதினோரு மணிக்குச் செய்தி வந்தது.

பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கயிறு சரியாகத்தான் போனது, நடுவானில் ஆள் திடீரென்று பக்கவாட்டில் திரும்பிவிட்டான் என்கிறார்கள் சிலர். இல்லை, கயிறு கூடுதலாக இறங்கி, கண்ணாடிக்குக் கீழே சுவரில் மோதிவிட்டான் என்கிறார்கள் வேறு சிலர். உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. வீக்கம் வடிந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். எனக்கு உள்ளே போகத் தைரியமில்லாமல் வராந்தாவில் நிற்கிறேன். பூனையின் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். கூட வேலை செய்கிற தையல்காரி என்று மட்டும் என்னைப் பற்றி அவருக்குத் தெரியும். "அம்மா, இவனைத் தூக்காம சட்டை போடணும்னு நர்ஸ் சொல்றாங்க. முதுகுப் பக்கம் வெட்டித் தர முடியுமா?"ன்னு மூன்று சட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வெட்டி, ஓரம் மடித்து, நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன். நல்லா இரு என்று என் கன்னத்தைத் தொட்டார். நான் நல்லா இருக்கவா, அண்ணா?

இப்போது கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கிறது. கோட்டுகளை நாசம் செய்ததால்தான் அவசரத்தில் தைத்த கோட்டு வந்தது, அதில்தான் கயிறு மாட்டியது, ஆகவே விபத்துக்கு நானே காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை. வேலையை விட்டுப் போன மாஸ்டர் பழிவாங்குவதற்காகத் தங்கையை ஏவிவிட்டார் என்றும் இருக்கிறது. என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். புதன்கிழமை விசாரணை.

நான் இன்னும் போடவில்லை. ஆனால் அதில் பாதி உண்மையோ என்று பயமாக இருக்கிறது. அந்தக் கோட்டை ஒரு தடவை காட்டுங்கள், வெட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். பூட்டி வைத்திருக்கிறார்களாம், தொடக்கூடாதாம். துணியா, மோட்டாரா? பார்த்தால் உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. துணிதான் என்றால் சொல்லிவிடு, என் தப்பு என்று நானே கையெழுத்துப் போடுகிறேன். உன்மேல் சொல்லியிருக்கிற பொய்யை மட்டும் அடித்துவிட்டுப் போடுகிறேன்.

மோட்டார் என்றால் நீ நேரில் வந்தே ஆக வேண்டும். நீ கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகலை அண்ணி பீரோவில் வைத்ததாகச் சொன்ன ஞாபகம். அதை எடுத்துக்கொண்டு வா. வந்தால் உன் பெயரையும் இழுப்பார்கள், மறைக்காமல் சொல்கிறேன். பழிவாங்க வந்தான் என்றே சொல்வார்கள். தெரிந்தேதான் கூப்பிடுகிறேன். ஏனென்றால் குதி இன்னும் முடியவில்லை, அண்ணா. பூனை விழுந்த காட்சி படத்துக்கு உதவாதாம். வியாழக்கிழமை மறுபடி எடுக்கிறார்கள். அதே மாடி, அதே மோட்டார்.

குதிக்கப்போகிற பையன் இன்று காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தான். விளிம்பில் காலை எப்படி வைக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, போகாதே, போகாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடிபட்ட மனுஷன் ஏதோ புலம்புகிறார் என்று நினைத்து அவன் பதமாகக் கையை விடுவித்துக்கொண்டான். போகும்போது வராந்தாவில் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். அவன் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்காது.

எங்களை நீ மன்னிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். புதன்கிழமைக்குள் வந்துவிடு. உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். அந்தப் பையனும் இருக்கட்டும்.

உன்னைத் தவிர யாரையும் கூப்பிடத் தெரியாத
உன் தங்கை