மூன்றாவது பையில் இருந்த மண்

அன்பு மருமகளுக்கு, உன் மாமன் நலம். நலமில்லாமல் போக எனக்கு எங்கே நேரம்?

உன் கம்ப்யூட்டர் இப்போது சொன்னதை நான் முன்பே சொன்னேன். வயலில் அடிக்கிற பூச்சிமருந்து நம் கிணற்றுக்கு இறங்காது என்று அது கணக்குப் போட்டுக் காட்டியதாக நீ எழுதியதை முடிவெட்டும் கடையில் சத்தமாக வாசித்தேன். பாதி முகத்தில் சோப்போடு இருந்தவர்கூட எழுந்து கைகொடுத்தார். மழை எவ்வளவு, மருந்து எவ்வளவு, மண் எப்படி என்று சொன்னால் போதும், பூமிக்குள் நடப்பதை அது உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடும் என்று எல்லோருக்கும் விளக்கினேன். மண் அனுப்பியது நான் என்பதையும் விடவில்லை. கடைக்காரர், அப்போ பாதிக் கம்ப்யூட்டர் நீங்கதான் என்றார். நான் மறுக்கவில்லை.

வீட்டுச் செய்தி. உன் தங்கைக்கு ஏழாம் மாதம். டாக்டரம்மா நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னதால், நம் கிணற்றுத் தண்ணீர்தான் ருசி என்று அதையே குடித்துக்கொண்டிருந்தாள். இப்போது இல்லை. போன வாரம் பெரிய மழை. மழை விட்டதும் உன் அம்மா ஒரு வாளி இறைத்தாள், மோந்து பார்த்தாள், அப்படியே கொட்டிவிட்டாள். மருந்து வாடையாம். நான் உன் கடிதத்தை நீட்டி, கம்ப்யூட்டரைவிட உன் மூக்கு பெரிதா என்று வாதாடினேன். உன் அம்மா ஒன்றுதான் கேட்டாள்:

"அவ கணக்குல தப்பிருக்காது. நீ என்னத்தடா அனுப்பின?"

அன்றைக்கே மோட்டார் ரிப்பேர் என்று சொல்லிக் கிணற்று மூடிக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என் இடுப்பில். தெருக்குழாயிலிருந்து நான்தான் சுமக்கிறேன். இந்த வயதில் இரண்டு கையிலும் வாளி தூக்க வேறு ஆள் கிடையாது என்று தெருவே பேசிக்கொள்கிறது.

திங்கட்கிழமை உன் கணக்கை அதிகாரிகளிடம் கொடுக்கப் போகிறாய் என்றும், அதை நம்பிச் சுற்றுவட்டாரம் முழுக்க இதே மருந்துக்கு அனுமதி தருவார்கள் என்றும் எழுதியிருந்தாய். பெருமைதான். ஆனால் எல்லார் வீட்டிலும் கிணறு இருக்கிறது.

மண் எடுத்த கதையைப் போனில் சொன்னேன் அல்லவா? ஆளுயரக் குழி, வளைந்துபோன கடப்பாரை, அடியில் வெண்ணெய் மாதிரி களிமண், ஒரு சொட்டு இறங்காது என்றெல்லாம். குழி நிஜம். மேல்மண் பையும் நடுமண் பையும் நிஜம். கடப்பாரைகூடக் கொஞ்சம் வளைந்தது. அடியில் வந்தது மட்டும் வெறும் மணலும் சரளையும். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய கையோடு காணாமல் போனது. நம் வயலின் மானத்தை அந்தக் கோலத்திலா உன் ஆபீசுக்கு அனுப்புவது? போட்டோவுக்கு நிற்கும்போது தலை வாரிக்கொள்வதில்லையா? அதனால் மூன்றாவது பையில் செங்கல் சூளைக்காரரிடம் கேட்டு வாங்கிய களிமண்ணை நிரப்பினேன். அது நம் மண்ணே இல்லை.

இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. நிஜ மண்ணை இந்தக் கடிதத்தோடு பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடும். பார்க்க லட்சணமாக இராது. கணக்கை மறுபடி போடு. அதுவரை யாரிடமும் எதையும் கொடுக்காதே. தப்பு மாமனுடையது என்றே எழுது, என் பெயரை மட்டும் பிழையில்லாமல் எழுது.

நீயும் உன் தங்கைக்குப் பிறக்கப்போகிற பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இந்த முறை மண் சொல்வதைக் கேளம்மா, மாமன் சொன்னதை விட்டுவிடு.

உன் தாய்மாமன்