நாலு நட்சத்திரம் வாங்கிய பொய்

அண்ணே,

மேசை மேல் கிடக்கும் இந்தத் தாளில் இன்னும் மிளகாய் பஜ்ஜி வாசனை அடிக்கிறது. போன வாரம் திருவொற்றியூர் ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜி வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளில் எண்ணெய் ஊறி ஒரு முகம் தெரிந்தது. உன் முகம் இல்லை, உன்னைப் போல மீசை ஒட்டிக்கொண்ட நடிகரின் முகம். கீழே நாலு நட்சத்திரம். ‘வடசென்னையை மிரட்டிய பத்திரிகைக்காரன்’ என்று தலைப்பு. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். நான் ஏற வேண்டிய கும்மிடிப்பூண்டி வண்டி இரண்டு போய்விட்டன.

நீ செத்துப் போய் இத்தனை வருஷம் கழித்து உன் கதையைத் தொடராக எடுத்திருக்கிறார்கள். பாதி பேட்டி, பாதி நடிப்பு, மொத்தம் ஆறு பாகம். போனிலேயே பார்க்கலாம். விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். ‘சமரசமில்லாத பார்வை’ என்கிறார் ஒருவர். ‘பூசி மெழுகாத உண்மை’ என்கிறார் இன்னொருவர். என்னையும் மூன்று மணி நேரம் பேட்டி எடுத்தார்கள். அதில் “அவரப் பாத்து பயப்படாதவன் எவன் கீறான்?” என்ற ஒரே வரியைத்தான் போட்டார்கள். எண்ணெயில் கலப்படம் செய்தவர்கள் உனக்குப் பயந்ததைப் பற்றி நான் சொன்ன வரி அது. நடிப்புப் பகுதியில் உன் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தும் பெண்ணாக, ஒரு நடிகையின் முகத்தோடு, நான் வருகிறேன். ஆறு பாகத்திலும் வாயைத் திறக்காமல் ஜன்னலோரம் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘அவளுடைய மௌனம் மனதை உலுக்குகிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். ராயபுரத்து மீன்காரியின் மகள் நான். வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு நாளை நீ பார்த்திருக்கிறாயா?

அதையெல்லாம் சிரித்து விட்டுவிடுவேன். விட முடியாதது நாலாம் பாகம். அதில் நீ, அச்சேறும் முன் எடுத்த ப்ரூப் தாளோடு ஒரு தொழிற்சாலை முதலாளி வீட்டுக்குப் போகிறாய். உட்கார்ந்து படித்துக் காட்டுகிறாய். அவர் ஒரு கவரைத் தள்ளுகிறார். நீ அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ப்ரூப்பைக் கிழித்துப் போடுகிறாய். தொடரின் உச்சமே இந்தக் காட்சிதான் என்று எல்லா விமர்சனமும் ஒரே குரலில் சொல்கிறது.

அதைப் பார்த்துவிட்டு உன் மகள் போன் செய்தாள்.

“அத்தே, நெசத்த சொல்லு. நைனா கவர் வாங்கினாரா? நீதானே கூடவே இருந்த?”

“இல்லடி” என்றேன். “சரி அத்தே, வச்சிடறேன்” என்றாள். அவள் நம்பவில்லை என்று புரிந்தது. தோளில் வைத்து வளர்த்த அப்பனை ஒரு நடிகரின் நாலு நிமிஷம் ஜெயித்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

நீ ப்ரூப்போடு போனது நிஜம். ஒருவரைப் பற்றிக் குற்றம் எழுதினால், அச்சேற்றும் முன் அவர் வீட்டு வாசலுக்கே போய் வரி விடாமல் படித்துக் காட்டுவாய். அவர் சொல்லும் பதிலை நான் எழுதிக்கொள்வேன். செய்திக்குப் பக்கத்திலேயே அதைக் கட்டம் கட்டிப் போடுவோம். திட்டினால் திட்டையும் போடுவாய், கெட்ட வார்த்தைக்கு மட்டும் புள்ளி வைத்து. “எயுதறது பெர்சில்லம்மே. அவன் மூஞ்சிக்கு நேரா படி. அப்பவும் கொரலு நடுங்கலன்னா அச்சுக்குப் போவட்டும்” என்பாய். கவர் நீட்டியவர்கள் உண்டு. அவர்கள் நீட்டியதையும் அந்தக் கட்டத்திலேயே போட்டிருக்கிறோம்.

உன்னை உத்தமன் என்று சொல்ல நான் வரவில்லை. நடுப்பக்கத்தில் சினிமா கிசுகிசு போட்டாய். கேட்டால், “அத்த வச்சிதான் இத்த விக்கிறேன்” என்று சிரித்தாய். அந்தப் பக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு நடிகை வீட்டு வாசலில் நின்று படித்தோம். நாயை அவிழ்த்து விட்டார்கள். உன் வேட்டி கிழிந்தது.

பூசி மெழுகாத உண்மை வேண்டுமென்றால் அவர்கள் சடையங்குப்பத்துக்குப் போயிருக்க வேண்டும். அங்கே ரேஷன் கடையில் அரிசி மூட்டைகள் காணாமல் போயின, கடைக்காரர் விற்றுவிட்டார் என்று நமக்குச் செய்தி வந்தது. எழுதினோம். படித்துக் காட்டப் போக வேண்டிய நாளில் நல்ல மழை. நீ குடையை எடுத்துவிட்டாய். நான்தான் தடுத்தேன். “முட்டி வரைக்கும் தண்ணி நிக்குதாம் அண்ணே. ஒரு தபாதானே, வுடு.” நீ விட்டுவிட்டாய். இதழ் வெளிவந்த பிறகுதான் தெரிந்தது. கடைக்குள் வெள்ளம் வருமுன் மூட்டைகளைப் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றியிருந்தார் அந்த மனிதர். ஊருக்கே அதில்தான் கஞ்சி காய்ச்சியிருக்கிறார்கள். அதற்குள் அவர் மகனைத் தெருவில் ‘அரிசித் திருடன் புள்ள’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் பக்கத்தில் மன்னிப்பு எழுதினாய். அதையும் அவர் வாசலில் நின்று படித்தாய். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். தடுத்தது நான் என்று போடச் சொன்னேன். “ஆசிரியர்னு எம் பேரு கீது. தப்பும் என்னுது. யார்கிட்டயும் வாயத் தொறக்காத” என்று அடக்கிவிட்டாய். நான் வாயை மூடிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான் அண்ணே.

இப்போது பதில் எழுதியிருக்கிறேன். நாலு பக்கம். கவர் வாங்கினாய் என்பது பொய் என்று எழுதினேன். சடையங்குப்பத்தையும் எழுதினேன், தடுத்தது நான்தான் என்று என் பெயரோடு. ஒரு சிற்றிதழ் போடுவதாகச் சொல்லியிருக்கிறது. அனுப்புவதற்கு முன் அந்த நாலு நட்சத்திர விமர்சகரைத் தேடிப் போனேன். உன் மகளையும் கூட்டிக்கொண்டேன். ஒரு காபிக் கடையில், அவர் முகத்துக்கு நேரே வரி விடாமல் படித்தேன். குரல் நடுங்கவில்லை.

“மேடம், நான் சீரிஸைத்தான் விமர்சனம் பண்ணேன். மனுஷனை இல்ல” என்றார்.

“தலைப்புல மெரட்டுனான்னு போட்டியே தம்பி, அது சீரிஸா, மன்சனா?”

காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். கெட்டவர் இல்லை, முழுவதும் கேட்டார். பிறகு, “அந்த ரேஷன் கடை விஷயத்தை மட்டும் எடுத்துடுங்களேன். அது இல்லேன்னா உங்க பதில் இன்னும் வலுவா இருக்கும். உங்க பேரும் கெடாது” என்றார்.

“அத்த எடுத்துட்டா நானும் உங்க சீரிஸ்காரங்க மாதிரிதான்” என்றேன்.

அவர் சொன்ன பதிலை எழுதிக்கொண்டேன். அதுவும் பக்கத்திலேயே கட்டம் கட்டி வரும்.

திரும்பும்போது பஸ்ஸில் உன் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். “நைனா கவர் வாங்கலன்னு இப்ப நம்பறேன் அத்தே” என்றாள். ஏன் என்று கேட்டேன். “உன் தப்பையே நீ மறைக்கலியே. அவரு தப்ப மட்டும் ஏன் மறைக்கப் போற?” என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இன்னும் ஒருவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ரேஷன் கடைக்காரர் இருக்கிறாராம், வயதாகி அதே வீட்டில். அவர் கேட்காமல் இது அச்சுக்குப் போகாது. நாளைக் காலை கிளம்புகிறேன். நேற்றிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. உன் மகள் கொஞ்சம் முன்னால்தான் போன் செய்தாள்.

“அங்க முட்டி வரைக்கும் தண்ணி நிக்குதாம் அத்தே. மழ வுட்டப்புறம் போலாமே?”

“நிக்கட்டும்” என்றேன். “நீ வர்றியா, இல்ல நான் மட்டும் போவட்டா?”