வெல்லம் வைத்து ஒட்டிய சுறாப்பல்

என் நைனாவுக்கு,

உன் சுறாப்பற்களைத் திருடியவர், நீ கைகட்டி நின்று "ஐயா" என்று கூப்பிட்ட அந்தப் பேராசிரியர்தான்.

"பார்த்துட்டுத் தரேன்" என்று தகர டப்பாவோடு வாங்கிப்போனாரே. நீ சாகும்வரை, அவர் வந்திறங்கிய காஞ்சிபுரம் பஸ் வரும்போதெல்லாம் ரோட்டைப் பார்த்தாய். ஆசிரியர் பயிற்சியில் எங்களைப் பட்டணத்துக் கல்லூரி ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் உன் பற்கள். கண்டெடுத்தவர் அவர்தான் என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறது.

அரியலூர்ப் பக்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் போடுமுன், அதில் பதிந்திருக்கும் கறுப்புத் துண்டுகளைப் பொறுக்கி எறிவீர்கள். இல்லாவிட்டால் சுண்ணாம்பு வெளுக்காது. எல்லோரும் எறிந்ததை நீ மட்டும் சேர்த்தாய். சதுரங்கப்பட்டினத்து மீன்காரியிடம் சுறாத் தாடை ஒன்று வாங்கிவந்து, அந்தக் கறுப்புத் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "கல்லுக்குள்ள கடலு கீது" என்றாய். சூளையே சிரித்தது.

உன் சுத்தியல் பட்டு உடைந்த பெரிய பல்லைச் சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்து ஒட்டினாய். எறும்பு மொய்த்தது. "இன்னாயா, கல்லுக்குப் பொங்கல் வெச்சிக்கினு கீற?" என்று அம்மா கேட்டாள். காய்ந்த பிறகுதான் பார்த்தாய்: நீ ஒட்டிய முனை வேறொரு பல்லுடையது.

அந்த ஒட்டுப்பல்தான் இப்போது யாரும் இதுவரை காணாத புதுச் சுறாவாம், நைனா! தப்பாக ஒட்டியதை அவரிடம் சொன்னாயா? சொல்லியிருப்பாய், நீ மறைக்கிற ஆள் இல்லை. அப்படியென்றால் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டாரா?

அவரையே பெட்டி முன்னால் நிறுத்திக் கேட்டேன். "இந்த வெள்ளைக் கோடு இன்னா சார்?"

"இயற்கையா விழுந்த வெடிப்பும்மா."

"வெல்லம் போட்ட வெடிப்பா?"

அவர் முகம் மாறியது. "சூளையில கல் உடைக்கிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார். எந்த வெல்லம் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

உன் பெயர் அந்தச் சீட்டில் ஏறும்வரை விடமாட்டேன். சனிக்கிழமைதோறும் போகிறேன், இனியும் போவேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முன்னால் நேற்றும் சத்தமாகவே கேட்டேன்: "பெட்டியத் தெறந்து அந்தப் பல்ல வெந்நீர்ல போடுங்க சார். ரெண்டாப் பிரிஞ்சா எங்க நைனா பேர எழுதுங்க."

சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. கை அதன்மேல் போய் நின்றது.

உன் மூத்த மகள்,
அஞ்சலை