உளியால் செதுக்கிய அடைப்பு

நிலவுத் தோட்ட நிலையம். குரல் பதிவு.
பதிவாளர்: கோமதி, தாவரவியல்.

நாள் 212 | 09:10

மூங்கில் நாற்றுகள் எல்லாம் பச்சை. ஈரம் சரி. நிலையத்துல நாங்க ரெண்டே பேர். இன்ஜினியர் ஹமீதா சூரியத் தகடு துடைக்க வெளியே போயிருக்கா. நான் புது மூங்கில் அலமாரிக்குக் கால் இழைச்சுக்கிட்டு இருக்கேன். "நிலாவுலயும் தச்சுப் பட்டறை போட்ட ஒரே ஆளு நீதான் கோமதிக்கா"ன்னு போகும்போதும் கிண்டல்.

11:32

நிலம் குலுங்கிட்டு. இயந்திரக் கூடத்துல காற்று போய்க் கதவு தானா பூட்டிக்கிட்டு. கடைசல் மெஷின் உள்ளே மாட்டிக்கிச்சு.

ஹமீதா வாசல் அறைக்குள்ள வந்து வெளிக்கதவைச் சாத்திட்டா. அங்க காற்று நிரம்பினாத்தான் உள்கதவு திறக்கும். நிரப்பினா நிக்க மாட்டேங்குது. அந்தக் காற்றை வெளியேத்துற குழாய் என் பக்கச் சுவர் வழியாப் போகுது. அதோட அடைப்பு உடைஞ்சு கிடக்கு.

ஹமீதா (ரேடியோவுல): "கட்டில் சட்டத்துல அலுமினியக் கம்பி இருக்குக்கா. உடைஞ்ச அடைப்பு மாதிரியே ஒண்ணு செஞ்சு செருகு. என் உடுப்புல ரெண்டு மணி நேரக் காற்று இருக்கு."

12:05

மர ரம்பத்தாலயே அறுத்தேன். பல்லு ரெண்டு போச்சு. அரத்துல அலுமினியம் அப்பிக்குது. மூங்கிலுக்குப் பூசுற மெழுகைத் தடவினேன், இப்ப வழுக்கிக்கிட்டுப் போகுது.

12:40

கம்பியை டிரில்ல மாட்டிச் சுத்தவிட்டு அரத்தை வச்சு உருட்டினேன். சுத்திவரக் காடிப் பள்ளம் வெட்டினதுல என் நல்ல உளி மழுங்கிப்போச்சு, போனாப் போகட்டும். பழைய அடைப்புக்குச் சரியா இருந்த அளவு வளையத்துல கச்சிதமா இறங்குச்சு. பழசை உருவிப் புதுசைச் செருகியாச்சு. ஏட்டி, கதவுகிட்ட நில்லு!

13:02

கசியுது.

ஹமீதா: "அளக்கும்போது கம்பி சுட்டுச்சா?"

சுட்டுச்சு.

ஹமீதா: "ஆறினா சுருங்கும்க்கா. ஆறவிட்டு அளந்திருக்கணும்."

மரத்தை இழைச்சா இப்படி அளவு மாறாதே! நான் எங்க கண்டேன்? டேப் சுத்திப் பார்த்தேன், வெற்றிடம் அதையும் உறிஞ்சிட்டு. இன்னொண்ணு செய்ய நேரமில்ல.

13:15

மூங்கில் வளைக்கிற ஹீட் கன்னை அடைப்பு மேல பிடிச்சேன். சூடேறி விரியுது! கசிவு நின்னு வாசல் அறை அழுத்தமானி முள்ளு ஏறுது. ஆனா அடைப்பை இறுக்கிப் பிடிக்கிற நட்டும் உடைஞ்சதால கையால அழுத்திக்கிட்டே இருக்கணும். கையுறை தாண்டி விரல் வேகுது.

ஹமீதா: "தலை சுத்துதுக்கா... சீக்கிரம்..."

13:21

காற்று நிரம்பி, உள்கதவுக்கு மேல பச்சை விளக்கு எரியுது. கைப்பிடியத் திருப்பு ஹமீதா! பதிலில்ல. நானே திறக்கலாம்னு அடைப்பை விட்டுட்டு ஓடினேன். கைப்பிடியத் தொடுறதுக்குள்ள காற்று கசிஞ்சு விளக்கு சிவப்பாயிட்டு. திரும்ப வந்து நிரப்புதேன். தொட்டியில இதான் கடைசிக் காற்று.

13:29

மறுபடி பச்சை. இந்தத் தடவை இன்னும் நல்லா சூடேத்தியிருக்கேன்.

ஹமீதா, கேக்குதா? முழிச்சிருந்தா கதவுல ஒரு தட்டு தட்டு. தட்டினா நான் இப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்கேன், நீ திறந்துக்கோ. தட்டலைன்னா நான் விட்டுட்டு ஓடி வரணும். எனக்குப் பயமா இருக்கு. தட்டுளா. ராசாத்தி, ஒரே ஒரு தட்டு.

13:31

தட்டலை. விட்டுட்டேன். ஓடுதேன்—

கதவுல ஒரு சத்தம்.

தட்டுதா. ஐயோ பாவி மவளே, நான் கையை எடுத்தப்புறம் இப்பவா தட்டுவ!