அலறிய பைக்கும் புது த்ராட்டில் லாக்கும்

அத்தான்,

"டர்ர்ர்ர்!" காலையில் நம் பைக் போட்ட அலறலில் சந்து முழுக்க வெளியே ஓடிவந்துவிட்டது! தண்ணீர் லாரிக்கு வழிவிட ஸ்டார்ட் செய்து லேசாகத்தான் முறுக்கினேன். ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் பிடித்து வைக்க நேற்று நீங்களே மாட்டிய த்ராட்டில் லாக், அதைத் திரும்ப விடவில்லை. நல்லவேளை, நியூட்ரல். சாவியைத் திருப்பி அணைத்தேன்.

அந்த லாக்கைக் கழற்றிவிட்டு, சுனாபட்டியில் இருக்கும் ஹாதி பாய் கராஜுக்கு ஓட்டிப் போனேன். பாய் சில மாடல்கள் காட்டினார். பூட்டியிருந்தாலும் கையால் பின்னுக்கு முறுக்கினால் உடனே விட்டுக்கொடுப்பதை எடுத்தேன். கட்டைவிரலுக்கு எட்டும்படி மாட்டி, ஹைவேயில் ஓட்டியும் பார்த்தேன். அடேயப்பா, என்ன சுகம்! இனி உங்கள் மணிக்கட்டு வலிக்காது.

சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மீன்குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். நான் வேலைக்குப் போகிறேன்.

திருநெல்வேலிக்கு நீங்கள் தனியாகப் பைக்கில், நான் ரயிலில் என்று நேற்று கத்தினீர்களே, அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

இசக்கிசெல்வி

பி.கு: பாய்கூடக் கேட்டார், "ஏம்மா, உன் வீட்டுக்காரரு ஊருக்குத் தனியாவா போறாரு?"

நான் சொன்னேன், "இல்ல பாய், பூனா தாண்டினா நான்தான் ஓட்டுதேன். அவியளுக்குத்தான் இன்னும் தெரியாது."