பூஜையில் வைத்த மழை டயர்கள்

கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். ரப்பர் வாடை போகமாட்டேன் என்கிறது. இந்தக் காகிதத்திலும் ஒட்டியிருக்கும். ஒட்டட்டும், உனக்குப் பிடித்த வாடைதானே.

இன்று காலை மாடிப்படிக்குக் கீழே கிடந்த நான்கு மழைச் சக்கரங்களையும் வெளியே இழுத்தேன். பொங்கல் முடிந்ததும் உன் செல்வியின் பழைய புடவையைச் சுற்றி நீ கட்டி வைத்த கட்டு அப்படியே இருந்தது. என்ன முடிச்சுடா அது! பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். புடவையை விலக்கியதும் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. அதோடு நீயும் வந்துவிட்டாய். "பாரு, பள்ளம் எப்பிடி நிக்குதுன்னு" என்று பக்கத்தில் குந்திக்கொண்டு சொல்வாயே, அந்தக் குரலோடு. நான் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரி பார்த்து, மயக்கமோ என்று தண்ணீர் கொண்டுவந்தாள்.

இந்தப் பைத்தியம் உனக்கு எப்படிப் பிடித்தது என்று யாராவது கேட்டால், அந்தக் குளிர்நாட்டுப் பெரியவரைத்தான் சொல்வேன். வருஷா வருஷம் மூன்று மாதம் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குவார். செங்கம் ரோட்டு டாக்ஸி ஸ்டாண்டில் அத்தனை வண்டி நிற்கும், ஆனால் நம் வண்டியில்தான் ஏறுவார். ஒரு நாள் அவர் தன் கைபேசியில் ஒரு படம் காட்டினார். வீட்டு ஷெட்டில் நான்கு சக்கரங்கள் தனியாக அடுக்கியிருந்தன. அவர் ஊரில் குளிர்காலம் வந்தால் எல்லாரும் சக்கரத்தையே மாற்றிவிடுவார்களாம். குளிரில் சாதா ரப்பர் கல்லாகிவிடும், பிடிப்பே இருக்காது, அதனால் பனிக்கென்றே மெத்தென்ற ரப்பரில் வேறு டயர் என்று விளக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. செருப்பு மாற்றுகிற மாதிரி காருக்குச் சக்கரம் மாற்றுவார்களா என்றேன். நீ சிரிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாய்.

"நமக்குப் பனி இல்லடா. ஆனா மழை கீதே" என்றாய்.

அவ்வளவுதான். அடுத்த வாரம் வேங்கிக்கால் டயர் கடையில் என்னை அரை நாள் நிற்க வைத்தாய். நானோ பளபளவென்று மின்னும் அகலச் சக்கரத்தின் மேல் ஆசை வைத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரரும் என் கட்சி. நீ மசியவில்லை. "அகலம் ஜாஸ்தின்னா பார்க்கத்தான் அழகு. தண்ணியில ஏறுனா மெதக்கும். மழைக்கு அகலம் கம்மியா, பள்ளம் ஆழமா இருக்கணும்" என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தாய். அந்த வெளிநாட்டு மெத்தென்ற ரப்பர் நம் வெயிலுக்குத் தேய்ந்தே போய்விடும், அது வேண்டாம் என்றும் நீயே சொன்னாய். கம்பெனி சொன்ன அளவில், நடுவில் தண்ணீர் ஓட நேர்க்கோடாய்ப் பள்ளம் வெட்டிய டயர். அதற்குச் சாதாரண இரும்பு ரிம். டயர் பக்கவாட்டில் எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று எண் இருக்குமே, நான்கையும் திருப்பித் திருப்பி அதைப் படித்தாய். ஒன்று மட்டும் பழையது என்று திருப்பிக் கொடுத்தாய். வெளியே வந்ததும் கடைக்காரர், "இவரு டயர் வாங்க வந்தாரா, பொண்ணு பார்க்க வந்தாரா?" என்று என் காதில் கேட்டார்.

ஸ்டாண்டில் உனக்கு 'மழை டயரு' என்று பெயர் வைத்தார்கள். நீ கண்டுகொள்ளவில்லை. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் மழைச் சக்கரத்தை மாட்டுவாய், பொங்கல் கழிந்ததும் கழற்றுவாய். தீபத்துக்கு ஊரே கொட்டும் மழையில் நனைந்து கிடக்கும்போதும் நீ பிரேக் போட்டால் வண்டி சொன்ன இடத்தில் நிற்கும். நாம் ஆளுக்கு ஒரு நாள் ஓட்டிய வண்டி அது. உன் நாளில்தான் போவோம் என்று காத்திருந்து போன ஆட்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட உண்டு, இப்போது சொல்லிவிடுகிறேன்.

நீ அடிபட்ட அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஆயுத பூஜை அன்று மதியமே மலை தெரியாத அளவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அன்று காலைதான் நான் அந்த நான்கு சக்கரங்களையும் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு, ஸ்டாண்டுப் பூஜையில் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தேன். எல்லாரும் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சென்னை விமான நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்துவர உனக்கு அழைப்பு வந்தது. உன் நாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நீ வானத்தைப் பார்த்துவிட்டு ஜாக்கியை எடுத்தாய்.

"டேய், பூஜையில வெச்சதை எடுக்கக் கூடாது. நாளைக்கு மறுபூஜை போட்டுட்டுத்தான் தொடணும்" என்றேன்.

"காருக்கும்தான் பூஜை போட்டோம். அதை மட்டும் எடுக்கலாமா?"

"காரு எலுமிச்சம்பழத்து மேல ஏறி எறங்கிடுச்சு. அது பரவால்ல. டயர் ஏறலையே."

இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. நீ ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். வண்டியில் இருந்த டயர் வழுக்கையாகிவிட்டது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன மாதம்தான் நீ பள்ளத்தில் ஒரு ரூபாய்க் காசைச் சொருகி, ஓரம்கூட மறையவில்லை என்று காட்டினாய். நான் அதற்கும் மேலே ஒன்று சொன்னேன். "எடுத்து ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்காத."

உண்மையைச் சொல்லட்டுமா? சாமி பயம் பாதிதான். இத்தனை அழகாக அடுக்கியதைக் கலைத்து, சேற்றில் குந்தி நான்கு சக்கரத்தை மாற்ற வேண்டுமே என்ற சோம்பல் மீதிப் பாதி. நீ ஜாக்கியை டிக்கியில் போட்டாய். "சரி விடு, உன் மனசு எதுக்குக் கஷ்டப்படணும்" என்று சொல்லிவிட்டு, தனியாகக் கிளம்பிப் போனாய்.

கீழ்பென்னாத்தூர் தாண்டவில்லை. ஏரிக்கரைத் திருப்பத்தில் மழைத் தண்ணீர் ரோட்டில் நின்றிருக்கிறது. வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் முட்டி நின்றது. உன் வலது முட்டி நொறுங்கியது. பிரேக் மிதிக்கிற கால்.

மறுநாள் ஸ்டாண்டு ஆட்கள் மொத்தமும் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் கால்மாட்டில் வெந்நீர் பிளாஸ்கோடு நின்றேன். "இன்னாண்ணா, உங்க மழை டயரை மாட்டாம ஏன் போனீங்க?" என்று ஒருத்தன் கேட்டான். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "மாட்டாம விட்டுட்டேம்பா. சோம்பேறித்தனம்" என்றாய்.

என் சோம்பேறித்தனத்தை எடுத்து உன் மேல் போட்டுக்கொண்டாய். நான் பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றினேன். அதைத்தான் செய்தேன்.

அதன்பிறகு நீ வண்டி ஓட்டவில்லை. 'மழை டயரு மழையில சறுக்கிடுச்சு' என்பது ஸ்டாண்டில் நிரந்தரச் சிரிப்பாகிவிட்டது. ஊருக்கே ஜாக்கிரதை சொன்னவன் தன் விஷயத்தில் கோட்டை விட்டான் என்றார்கள். நானும் நாலு பேரோடு சேர்ந்து பல்லைக் காட்டியிருக்கிறேன். உன் ஆட்கள் எல்லாம் என்னிடம் வந்தார்கள். ஒரு அம்மா, "நீங்க அவரை மாதிரி இல்ல, பொறுப்பா ஓட்டுறீங்க" என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் வருஷா வருஷம் சக்கரம் மாற்றுகிற அன்று நீ தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிடுவாய். முக்காலியில் உட்கார்ந்து, நான் நட்டு முடுக்குவதைப் பார்ப்பாய். நான்காவது சக்கரத்துக்கு வரும்போது தவறாமல் கேட்பாய்.

"ஏதாவது சொல்லணுமாடா?"

"நட்டு டைட்டா கீதுடா, திரும்ப மாட்டேங்குது" என்பேன், தலை நிமிராமல்.

நீ சும்மா கேட்கிறாய் என்றே நினைத்தேன். நான்கு வருஷம் அப்படித்தான் நினைத்தேன். போன மாசியில், காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய். இனி கேட்க ஆள் இல்லை.

இன்று காலை அந்தச் சக்கரத்தின் மேலிருந்து எழுந்து நேராகச் செல்வியிடம் போனேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையைத் தனியாகத்தான் நடத்துகிறாள். மனுவும் கையுமாக நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் மறுபடி வாய் மூடிக்கொள்ளும் என்று தெரியும். அதனால் மெஷின் சத்தத்திலேயே சொன்னேன். டயரை எடுக்கவிடாமல் உன்னைத் தடுத்தது நான்தான், உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று.

அவள் காகிதத்தைத் திருப்பி வைத்தாள். "தெரியும்ணா" என்றாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாரு. 'அவனா வந்து சொல்லுவான் பாரு. சொன்னா திட்டாத, டீ வாங்கிக் குடு'ன்னாரு. ஒவ்வொரு வருஷமும் சக்கரம் மாத்திட்டு வீட்டுக்கு வந்தா நான் கேப்பேன், சொன்னாரான்னு. 'இல்ல, அடுத்த வருஷம் சொல்லுவான்'னு சொல்வாரு."

பிறகு எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து ஒரு டீ சொன்னாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. நின்றுகொண்டே அந்த டீயைக் குடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு டீயை விழுங்கியதில்லை.

ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நான் காத்திருக்கவில்லை. மத்தியானமே ஸ்டாண்டில் வண்டியைத் தூக்கி வைத்து மழைச் சக்கரங்களை மாட்டினேன். பூஜை அன்று இவையே எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறட்டும். "மழை டயரு வந்துடுச்சுடோய்!" என்று ஒருத்தன் வழக்கம்போல் ஆரம்பித்தான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டேன். அன்று நான் சொன்னது, நீ ஜாக்கியைத் திருப்பி டிக்கியில் போட்டது, ஆஸ்பத்திரியில் நீ சொன்ன பொய், எதையும் விடாமல் சொன்னேன். ஆஸ்பத்திரியில் உன்னைக் கேட்டவனே இப்போதும் கேட்டான். "அண்ணன் இருக்கும்போதே ஏண்ணா சொல்லல?"

குனிந்து வேலையைப் பார்த்தேன். நான்காவது சக்கரம். முக்காலியை யாரோ பழக்கத்தில் எடுத்துப் போட்டிருந்தார்கள், காலியாகக் கிடந்தது. ஸ்பேனரை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். வெண்ணெயாகத் திரும்பியது.

நட்டு எந்த வருஷமும் டைட்டாக இருந்ததில்லைடா.