ஐந்து கால் பூச்சிகள்

பிரியமுள்ள மச்சான் கருப்பையாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. திருக்கோகர்ணத்தில் நம்முடைய மோட்டார் காயில் கட்டும் கடையைத் தினமும் திறக்கிறேன். உன் செம்புக் கம்பிப் பூச்சிகள் இருபத்து மூன்றும் அலமாரியில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் தங்கை வள்ளிக்கண்ணு மூன்று நாள் என்னோடு பேசவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய தப்பு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

நாம் ஒரே பெஞ்சில் படித்தோம். பிறகு உன் தங்கையைக் கட்டினேன். பிறகு ஒரே கடையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தோம். நான் கருகிய காயிலை மோட்டாரிலிருந்து பிடுங்கிப் போடுவேன். நீ அந்தச் செம்புக் கம்பியைப் பொறுக்கி பூச்சி செய்வாய். பம்ப்செட்டுக்காரர் வயல் காய்கிறதே என்று வாசலில் நிற்பார், நீ ஓர் எறும்புக்கு மீசை வைத்துக்கொண்டிருப்பாய். உன்மேல் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன்!

கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு விசில் ஊதும் கும்பிடுபூச்சி. வாஷரைக் கண்ணாடியாகப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கும் தட்டான். பேரிங் குண்டை உருட்டிப் போகும் சாணிவண்டு, அதன் தோளில் ஒரு துண்டு வேறு. ஒருநாள் குடுமியான்மலைக்குப் போய்விட்டு வந்து, “அந்த இசைக் கல்வெட்டு மேல ஒரு சில்வண்டு ஒக்காந்து பாடம் பண்ணுது மாப்ளே” என்றாய். மறுநாளே அது கையில் தம்புராவோடு அலமாரிக்கு வந்துவிட்டது. நீ எங்கே பார்த்தாய், எங்கே கனவு கண்டாய் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததில்லை. உனக்குத் தெரிந்ததா?

போன மாதம் ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் மோட்டார் கொண்டுவந்தார். அலமாரியைப் பார்த்தவர் மோட்டாரை மறந்துவிட்டார். செல்போனில் படமாக எடுத்துத் தள்ளினார்.

“இத எங்க ஸ்கூல் எக்ஸிபிஷன்ல வைக்கலாமா சார்? பத்திரமாத் திருப்பித் தந்துருவேன். செஞ்சவங்க பேரும் எழுதி வைக்கணும்.”

“கருப்பையா” என்றேன். ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தேன். உன் பெயரை நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்ற சந்தோஷம்தான்.

துடைத்து வைக்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். அப்போதுதான், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, கால்களை எண்ணினேன். தட்டானுக்கு ஐந்து. சாணிவண்டுக்கு ஐந்து. எல்லாவற்றுக்கும் ஐந்தே ஐந்து. பூச்சிக்கு ஆறு கால் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியுமே! பள்ளிக்கூடத்தில் வைத்து உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால்? எனக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு நாள் வந்த வேலையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, இருபத்து மூன்றுக்கும் ஆறாவது காலை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன் மச்சான்.

மத்தியானம் சோறு கொண்டுவந்த வள்ளிக்கண்ணு, தூக்கை வைத்த கையோடு அலமாரியைப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“கால் கொறஞ்சிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்.”

“யாரக் கேட்டுப் பண்ணுனீங்க? அண்ணன் வேணும்னுதாங்க ஒத்தக் கால வைக்காம விட்டுச்சு.”

“எதுக்கு?”

“ஆறாவது காலையும் வச்சா எந்திரிச்சுப் போயிருமாம். ‘எனக்கு ஒண்ணுன்னா மாப்ள கடையில ஒத்தையில ஒக்காந்திருப்பான். இதுகளாச்சும் கூட இருக்கட்டும் புள்ள’ன்னு எங்கிட்ட சொல்லுச்சு.”

சொல்லிவிட்டு அழுதாள். அப்புறம் மூன்று நாள் பேச்சே இல்லை.

நீ முதல் பூச்சியைச் செய்தபோது நமக்கு முப்பது வயது. அதற்கும் ஐந்து கால்தான். முப்பது வயதிலேயே, நான் ஒருநாள் இங்கே தனியாக உட்காருவேன் என்று உனக்கு யார் சொன்னது? என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எல்லாம் நீ எனக்குத் துணை செய்துகொண்டிருந்தாயா?

நாலாம் நாள் கட்டிங் பிளேயரை எடுத்தேன். சூடு காட்டினால் மற்ற கால்களும் கழன்றுவிடும்; நறுக்கினால் ஒரு முளை நிற்கும். நின்றால் நிற்கட்டும் என்று முதலில் தட்டானைக் கையில் எடுத்தேன். வள்ளிக்கண்ணு எப்போது கடைக்குள் வந்தாள் என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க. வெட்டாதீங்க.”

“போயிருமே” என்றேன். ஐம்பத்தாறு வயது ஆள் பேசுகிற பேச்சா இது? ஆனால் அந்த நிமிடம் நான் அதை முழுக்க நம்பினேன்.

“போனாப் போகட்டும். நான் வந்து கூட ஒக்காந்துக்கிறேன்.”

எக்ஸிபிஷன் நன்றாக நடந்தது. உன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மீசை எறும்பைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒரு பிள்ளைகூடக் காலை எண்ணவில்லை என்று டீச்சர் பேச்சுவாக்கில் சொன்னார். நான்தான் உலகத்திலேயே பெரிய அறிவாளி.

இப்போது வள்ளிக்கண்ணு காலையிலேயே என்னோடு கடைக்கு வந்துவிடுகிறாள். கம்பி மூட்டையின் மேல் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஊர்க்கதை கேட்கிறாள். நேற்று கொஞ்சம் கம்பி எடுத்து எதையோ வளைத்துக்கொண்டிருந்தாள். என்ன பூச்சி என்று கேட்டேன். “அதுவே இன்னும் சொல்லலைங்க” என்றாள். அப்படியே உன் பேச்சு.

மச்சான், ஒரு வாக்குத் தருகிறேன். மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போகும்போது இனிமேல் ஷட்டரை முழுக்க இறக்க மாட்டேன். ஒரு சாண் விட்டு வைப்பேன். திருடன் வந்தால் வரட்டும், எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவன் எவ்வளவு தூரம் போவான்? உன் பூச்சிகளில் எதற்குப் போகத் தோன்றுகிறதோ அது போகட்டும். திரும்பி வந்து நான் எண்ணிப் பார்க்க மாட்டேன். எனக்குத் துணை இருக்கிறது. உன்னிடம் வந்து சேர்ந்தால் மட்டும், அதை நீ வைத்துக்கொள்.

ஆறாவது காலை வைத்தவன்,
உன் தங்கை வீட்டுக்காரன்,
உன் மாப்பிள்ளை
ராசு